மேலை இசைத்தட்டும் தமிழ் ஆய்வுலகின் கேளாச் செவியும்

தமிழ்த் திரையிசை குறித்த ஆய்வேடுகளில் மேலை இசையின் தாக்கம் காணப்படுகிறது என்னும் வாக்கியம் ஏறத்தாழச் சடங்கைப் போல இடம்பெறுகிறது. எழுதுவோர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகின்றனர். எந்த மேலை இசை, எந்தத் தட்டின் வழியாக, எந்த ஆண்டில், எந்த ஊரில் அந்த இசையமைப்பாளரின் செவிக்கு எட்டியது என்று நெறியாளர் கேட்பதில்லை, புறத்தேர்வாளரும் கேட்பதில்லை. சங்க இலக்கியத்தில் ஒரு பாட வேறுபாட்டுக்குச் சுவடி எண் கேட்கும் அதே துறை, இருபதாம் நூற்றாண்டின் ஒலி குறித்து எதை எழுதினாலும் சான்று கேளாமல் ஏற்றுக்கொள்கிறது.

சான்று இருக்கிறது. அது பல்கலைக்கழக நூலகங்களில் இல்லை, ரசிகர்களின் வீடுகளில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பழைய மேலை இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கல்விப்புலம் பித்தர்கள் என்று புன்னகையோடு கடந்துபோகிறது. அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அந்தச் சான்று எடைக்கு எடை காயலான் கடைக்குப் போகிறது. இந்தப் புன்னகைக்குத் தமிழ் இசை வரலாறு கொடுக்கும் விலை பெரிது.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் எல்லைப் பகுதியை எடுத்துக்கொண்டால் இந்த விலை தெளிவாகத் தெரியும். தமிழ்த் திரையிசையில் மேலை இசையை இயல்பாகக் கலந்தவர்கள் என்று எல்லோரும் ஒப்பும் இருவர் இந்த எல்லையின் இரு முனைகளில் பிறந்தவர்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். இளையராஜா இடுக்கி மலைகளின் கிழக்கு அடிவாரத்தில், இன்று தேனி மாவட்டத்தில் அடங்கும் பண்ணைப்புரத்தில் பிறந்தார். விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ ஆகிய படங்களுக்கு அமைத்த இசையில் மேலை நடன இசையின் தாளங்கள் வெளிப்படையாகவே ஒலிக்கின்றன. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்வியல் இசை பயின்றார். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை வெளியிட்டு அதைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

தெரியாதவை இனித்தான் தொடங்குகின்றன. 1950களிலும் 60களிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எந்தெந்த மேலை இசைத்தட்டுகள் கடைகளில் விற்கப்பட்டன? அவற்றில் எவை கல்கத்தாவில் அச்சடிக்கப்பட்டவை, எவை இறக்குமதியானவை? பாஹின் எந்தப் படைப்பு, எந்தக் குழு வாசித்த பதிவாக இங்கே கிடைத்தது? லத்தீன் அமெரிக்க நடன இசை நேரடியாக வந்ததா, பம்பாய்த் திரையிசை வழியாகச் சுற்றி வந்ததா? இவற்றுக்கு விடை சொல்லத் தட்டு வேண்டும், தட்டின் உறை வேண்டும், உறையில் ஒட்டிய விற்பனையாளரின் சீட்டு வேண்டும், நிறுவனங்கள் வெளியிட்ட விலைப்பட்டியல் வேண்டும். இந்த நான்கையும் ஒருசேரக் காப்பவர் சேகரிப்பாளர் மட்டுமே. அவர் இல்லாத இடத்தில் தாக்கம் என்ற சொல் வெறும் ஊகம்.

மேலை இசைத்தட்டு என்றதும் அது அயல்பொருள், நம் மரபில் சேராது என்ற மனத்தடை உடனே எழுகிறது. இந்தத் தடை பொருளின் வரலாற்றை அறியாததால் வருவது. 78 சுழற்சித் தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. புரசு போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியிடமிருந்து அதைத் திரட்டியவர்கள் சோட்டா நாகபுரிப் பகுதியின் பழங்குடி மக்கள். உலகச் சந்தைக்கு அரக்கு வழங்கியதில் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசைக் கடல்வழிகள் தடைப்பட்டபோது, 1942இல் அமெரிக்க அரசு தட்டு உற்பத்திக்கான அரக்குக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் பதிவான ஜாஸ் இசையும் மிலானில் பதிவான ஆப்பெராவும் இந்தியக் காட்டின் பிசினில்தான் பொறிக்கப்பட்டன. அயல்பொருள் என்று ஒதுக்கப்படும் தட்டைக் கையில் எடுப்பவர் இந்தியப் பழங்குடிகளின் உழைப்பைக் கையில் எடுக்கிறார்.

அச்சடித்த இடமும் இந்தியாதான். கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவுசெய்தபோது அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகித் திரும்பி வந்தன. சில ஆண்டுகளில் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. பின்னர் டம்டமில் இயங்கிய பெரிய ஆலையிலிருந்து இந்திய மொழிப் பாடல்களோடு மேலை இசையும் பெருமளவில் வெளிவந்தது. இங்கே ஒரு செய்தியை ஆய்வு மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பிரிட்டனில் 1960 வாக்கில் 78 தட்டின் உற்பத்தி ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதன் பிறகு புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் இந்தியாவில் 78 தட்டுகளாக வெளிவந்தன. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி முறுக்கி இயக்கும் கிராமபோன்களே பெரும்பாலும் இருந்தன, அவற்றில் வேறெந்தத் தட்டும் ஓடாது. மேலை நாடுகளில் அன்றைய நவீனத்தின் அடையாளமாக இருந்த இசை, இங்கே அதற்கு முந்தைய தலைமுறையின் பொறியில், மின்சாரமில்லாத வீட்டில் ஒலித்தது. நவீனத்துவம் குறித்து எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிலேனும் இந்தத் தட்டை மேசைமீது வைத்துப் பேசியிருந்தால் பாதிக் கட்டுரைகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்திருக்கும். இன்று அந்தத் தட்டுகளை வெளிநாட்டு ஏலங்களில் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றின் மதிப்பை அறிந்தவர்கள் அங்குள்ள சேகரிப்பாளர்களும் இங்குள்ள சேகரிப்பாளர்களும்தாம். அறியாதவர்கள் இங்குள்ள இசைத்துறைகள்.

எல்லைப் பகுதிக்கு இந்த இசை வந்த வழிகளும் பல. போத்தனூரில் ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த ரயில்வே குடியிருப்பு இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்த இருப்புப்பாதை ஒலவக்கோட்டுக்கும் அப்பால் மலபார்க் கரைக்கும் ஓடியது. மூணாறு, பீர்மேடு, ஆனைமலை எஸ்டேட்டுகளில் தோட்டத் துரைமாரின் பங்களாக்களும் கிளப்புகளும் இருந்தன. திருச்சபைகளில் மேலைப் பாடல் மரபு வேரூன்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கை வானொலி இருந்தது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஓரங்கட்டியபோது தென்னிந்திய ரசிகர்கள் கொழும்பு அலைவரிசைக்குத் திரும்பினர். அங்கே தமிழ்ப் பாடல் கேட்கக் காத்திருந்த செவியில் ஆங்கிலச் சேவையின் பாடல்களும் விழுந்தன. ஜிம் ரீவ்ஸ் 1964இல் விமான விபத்தில் இறந்த பிறகும் கேரளத்திலும் இலங்கையிலும் வீட்டுப் பெயராக நிலைத்ததற்கு இந்தச் செவிப்பழக்கமே அடித்தளம். ரயில், தேயிலை, தேவாலயம், வானொலி என்ற நான்கு வழிகளையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நிலத்தின் இசைவரலாற்றை எழுத முடியாது. அவற்றில் முதல் மூன்றின் தடயம் தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சேகரிப்பாளரின் வேலை என்ன என்பதும் கல்விப்புலத்தில் சரியாக உணரப்படவில்லை. தட்டை வாங்கி அடுக்கிவைப்பதுதான் அது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் செய்வது பதிப்பாசிரியரின் பணி. தட்டின் நடுவில் உள்ள வட்டச் சீட்டில் அச்சான வரிசை எண் ஒன்று, பள்ளங்கள் முடிந்து சீட்டு தொடங்கும் இடைவெளியில் கையால் கீறப்பட்டோ முத்திரையிடப்பட்டோ இருக்கும் தாய்த்தட்டு எண் மற்றொன்று. முதலாவது விற்பனைக்கானது, இரண்டாவது பதிவு நிகழ்ந்ததைச் சுட்டுவது. ஒரே பாடலை ஒரே கலைஞர் இருமுறை பதிவுசெய்து, ஒரே வரிசை எண்ணில் வெவ்வேறு பதிவுகள் வெளிவந்த நிகழ்வுகள் உண்டு. இதைக் கண்டறிவது ஏட்டுச்சுவடியில் பாடபேதம் காண்பதற்கு நிகரானது. உ.வே.சாமிநாதையருக்கு மாலை சூட்டும் துறைகள், அதே முறையியலை ஒலிக்குப் பயன்படுத்துபவரைப் பொழுதுபோக்காளர் என்று அழைப்பது விந்தை.

தொழில்நுட்ப அறிவும் அத்தகையதே. 78 என்ற எண் பிற்காலத்தில் நிலைபெற்றது. மின்னொலிப் பதிவு 1925இல் வருவதற்கு முந்தைய தட்டுகளில் பல 70க்கும் 80க்கும் இடைப்பட்ட வெவ்வேறு வேகங்களில் பதிவானவை. அவற்றை 78இல் ஓட்டினால் சுருதி மாறும், தாளகதி மாறும், பாடகரின் குரல் வேறாகும். அதைக் கேட்டு ஆதாரசுருதி குறித்து எழுதப்படும் கட்டுரை முதல் வரியிலேயே பிழையானது. நெடுந்தட்டுக்குரிய நுண்ணிய ஊசியை 78இன் அகன்ற பள்ளத்தில் இறக்கினால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். அரக்குத் தட்டைச் சாராயக் கலவையால் துடைத்தால் அரக்கே கரைந்துபோகும். மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும்தான் அதற்கு ஏற்றவை. படுக்கவைத்து அடுக்கினால் அடியிலுள்ளவை எடை தாங்காமல் விரிசல் விடும், நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆண்டில் பாதி நாள் மழையும் பனிமூட்டமும் சூழும் இடுக்கி மலைப்பகுதியில் உறையிலும் தட்டிலும் பூஞ்சணம் படரும். மழைக்காலம் முழுதும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து உலர்த்தி மீண்டும் வைப்பது ஓயாத உழைப்பு. இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கைகளில் இருக்கிறது, அந்தக் கைகள் முதுமையடைந்துவிட்டன.

இந்த உழைப்பு என்ன தரும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் கண்முன் உள்ளன. கோட்டயம் மாவட்டத்தில், ஈராற்றுப்பேட்டையிலிருந்து வாகமண் வழியாக இடுக்கிக்கு ஏறும் சாலையின் அடிவாரப் பகுதியில் உள்ள சிற்றூர் பிளாசனால். கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சன்னி மாத்யூ அங்கே 2015இல் கிராமபோன் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். பல்லாயிரக்கணக்கான தட்டுகளும் நூற்றுக்கணக்கான பொறிகளும் அங்கே உள்ளன. அவை ஒரு தனிமனிதர் பல பத்தாண்டுகள் தேடிச் சேர்த்தவை. சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் பல மொழிகளின் 78 தட்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டினார். திரையிசை, நாட்டியம் குறித்து அவர் எழுதியவற்றின் துல்லியம் அந்தத் தட்டுகளிலிருந்து வந்தது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் நடத்திய இதழ், தட்டு வரலாற்றின் அடிப்படைத் தரவுகளைப் பதிவுசெய்தது. 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளுக்கு இன்றும் முதல் மேற்கோளாக விளங்கும் பட்டியலை 1994இல் நூலாக்கிய மைக்கேல் கின்னியர் ஆஸ்திரேலியர், பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இந்தத் துறையின் அடித்தளத்தை இட்டவர்கள் ரசிகர்கள். அதன்மேல் மாடி கட்டியவர்கள் பேராசிரியர்கள். மாடியில் நிற்பவர் அடித்தளத்தைப் பார்த்துச் சிரிப்பது அழகன்று.

எதிர்வாதங்கள் உள்ளன. அவற்றைத் தட்டிக்கழிக்கத் தேவையில்லை.

முதலாவது எதிர்வாதம் கனமானது. மலையகத்தில் மேலை இசைத்தட்டு என்பது துரைமாரின் பொழுதுபோக்கு. பி.எச்.டேனியலின் நாவலை ‘எரியும் பனிக்காடு’ என்ற தமிழாக்கத்தில் படித்த எவரும் பங்களா வராந்தாவிலிருந்து வரும் கிராமபோன் ஒலியைக் கள்ளமின்றி ரசிக்க முடியாது. கங்காணியின் பிரம்படிக்கும் கொள்ளைநோய்க்கும் இடையில் லயத்து வீடுகளில் உழன்ற மக்களின் வரலாற்றுக்குமுன் இந்தத் தட்டுகளைப் போற்றுவது காலனிய ஏக்கம் என்று வாதிடுகிறார்கள். ஏக்கம் உண்டு. சில சேகரிப்பாளர்களிடம் அது வெளிப்படையாகவே இருக்கிறது. தேயிலை நிறுவனத்தின் பெயர் பொறித்த தட்டுறையைக் கண்டு நெகிழ்பவர், அந்தத் தேயிலையைக் கிள்ளியவரின் பெயரைக் கேட்பதில்லை. இந்தக் குறையைச் சுட்டுவது நியாயம்.

இந்த வாதம் எதை நிறுவுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தட்டைப் பாதுகாக்கக் கூடாது என்பதை அது நிறுவவில்லை. தட்டை வேறு வினாவோடு அணுக வேண்டும் என்பதையே நிறுவுகிறது. ஆதிக்கத்தின் ஆவணத்தை அழித்தால் ஆதிக்கம் அழியாது, அதற்கான சாட்சி மட்டும் அழியும். தோட்டக் கணக்கேடுகளைக் காலனிய ஆவணம் என்று எவரும் எரிப்பதில்லை. அவற்றைக் கொண்டுதான் கூலியின் வரலாறு எழுதப்படுகிறது. கிளப்பின் தட்டுகளும் அப்படிப்பட்ட கணக்கேடுகளே. மேலும் துரைமார் போன பிறகும் தட்டுகள் எல்லாம் அவர்களோடு போய்விடவில்லை. எஞ்சியவை ஏலத்திலும் பழைய பொருள் கடையிலும் கைமாறின. எழுத்தர், ஓட்டுநர், ஆசிரியர், தேவாலய இசைக்கலைஞர் எனப் பலரிடம் சேரும் ஒரு பொருளின் பொருண்மை மாறிக்கொண்டே போகிறது. யாருடைய இசை என்ற வினாவுக்கு விடை முதலில் வாங்கியவரோடு முடிவதில்லை. பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காக மலையேறிப் பாடினார். அந்தப் பாட்டுப் பயணத்தின் குடும்பத்திலிருந்து வந்த தம்பிதான் பின்னர் பாஹுக்குக் காணிக்கை செலுத்தினார். மேலை இசையை ஆள்வோரின் உடைமையாக மட்டும் காணும் கோட்பாட்டால் இந்த ஒரு குடும்பத்தைக்கூட விளக்க முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் சோம்பலானது. எல்லாம் யூடியூபில் இருக்கிறது, தட்டு எதற்கு என்கிறார்கள். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் இரைச்சல் நீக்கி, சமன்செய்து, வேகம் திருத்தியும் திருத்தாமலும் ஏற்றிய படி. அது எந்தத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பலவற்றில் இல்லை. லண்டனில் வெளியான பதிவைக் கேட்டுவிட்டு அதுதான் கோயம்புத்தூரில் ஒலித்தது என்று முடிவுகட்ட முடியாது. டம்டமில் எது அச்சானது, இங்கே எது விற்றது என்பதை இணையப் படி சொல்லாது. உரிமையாளர் விரும்பினால் ஒரே நாளில் அந்தப் படியை நீக்கிவிடவும் முடியும். பழைய 78 தட்டுகளை மின்மயமாக்கி வழங்கிய அமெரிக்க இணைய ஆவணக்காப்பகத்தின்மீது 2023இல் பெரும் இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பிறர் வழங்கியில் இருப்பதைத் தன் நூலகத்தில் இருப்பதாக எண்ணும் ஆய்வாளர், கடன் வாங்கிய குடையோடு காட்டுமழைக்குப் புறப்பட்டவர்.

மூன்றாவது எதிர்வாதம் சேகரிப்பாளர்களையே குறிவைக்கிறது. அவர்கள் பதுக்குகிறார்கள், எவருக்கும் தருவதில்லை, விலை ஏற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இதில் உண்மை கலந்திருக்கிறது. பட்டியல் எழுதாமல் மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்திருப்பவர் பாதுகாவலர் அல்லர், பூதம் காத்த புதையலின் பூதம். ஆயினும் அவர்களின் ஐயத்துக்கும் வரலாறு உண்டு. தட்டைக் கேட்டு, நகலெடுத்து, ஆய்வேட்டில் பயன்படுத்திவிட்டு நன்றியுரையில் பெயரைக்கூடக் குறிக்காத ஆய்வாளர்களைப் பற்றிச் சேகரிப்பாளர் உலகில் கேட்டுப் பார்த்தால் போதும். இரவல் போன தட்டு திரும்பாத கதைகளும் அங்கே குறைவில்லை. நம்பிக்கை முறிந்த இடத்தில் கதவு மூடிக்கொள்வது இயல்பு. அதைத் திறக்கும் பொறுப்பு பெரிய நிறுவனத்தைச் சார்ந்தது, முதிய தனிமனிதரைச் சார்ந்ததன்று.

நிறுவனங்களின் பொறுப்பைப் பேசும்போது எல்லைப் பகுதியின் தனிச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1956க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோடு நிலத்தின்மீது போடப்பட்டது, ஆவணக்காப்பகங்களும் அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டன. கேரளத்தின் பண்பாட்டு நிறுவனங்களுக்கு எல்லைத் தமிழரின் இசைவாழ்வு தமிழ்நாட்டுப் பொருள். தமிழ்நாட்டின் நிறுவனங்களுக்கு அது கேரளத்துப் பொருள். அந்தத் தட்டில் இருப்பது ஆங்கிலப் பாட்டோ ஜெர்மானிய இசையோ என்றால் இரண்டு மாநிலங்களுக்குமே அது வேற்றுப்பொருள். மும்முறை அனாதையாக்கப்பட்ட ஆவணத்துக்கு இறுதியில் ஓர் எடைத்தராசுதான் புகலிடம் தருகிறது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் வந்தாக வேண்டும். அச்சிட்ட இசைக்குறிப்புத் தாளையும் நூல் என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஒலித்தட்டை அது குறிப்பிடவில்லை. பாட்டின் குறிப்பு எழுதிய தாளுக்குப் பாதுகாப்பு உண்டு, பாட்டுக்கு இல்லை. பிரான்சு 1938இலேயே தேசிய ஒலிக்காப்பகம் அமைத்தது. பிரிட்டனின் கதை இன்னும் பொருத்தமானது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் ஒரு தட்டைத் தேடிச் சென்று, அங்கே தட்டுகளே சேர்க்கப்படுவதில்லை என்று அறிந்து அதிர்ந்தவர் பேட்ரிக் சால் என்னும் ரசிகர். அவர் முயற்சியால் 1955இல் ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று எழுந்தது. 1983இல் அது பிரிட்டிஷ் நூலகத்தின் பகுதியானது. இன்று உலகின் பெரிய ஒலிக்காப்பகங்களில் ஒன்றாக அது விளங்குகிறது. ஒரு ரசிகரின் பித்தை ஒரு நாடு தன் சொத்தாக்கிக்கொண்டது.

தமிழுக்கே அத்தகைய முன்னுதாரணம் உண்டு என்பதுதான் இந்த அலட்சியத்தை மன்னிக்க முடியாததாக்குகிறது. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் நாடக விளம்பரங்களையும் சேர்த்தார். ஊர் அவரை என்னவாக நினைத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வடிவெடுத்தது. இன்று தமிழியல் ஆய்வேடுகளின் நன்றியுரைகளில் அந்தப் பெயர் நிறைந்திருக்கிறது. அச்சுக்கு நேர்ந்த நன்மை ஒலிக்கு நேரவில்லை. அச்சைக் காத்த நிதியும் முதலில் அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதை நன்றியுரை எழுதுவோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

காப்புரிமை தடையாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளியான ஆண்டை அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960க்கு முன் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை இங்கே முடிந்துவிட்டது. இசையமைப்புக்கும் பாடல் வரிகளுக்கும் தனி உரிமை உண்டு, அதைக் கவனத்தோடு கையாள வேண்டும். ஆனால் வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள பொருளைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிப்பதற்கு 2012 திருத்தம் வெளிப்படையாகவே இடமளிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைய வேண்டிய பல்கலைக்கழகம் வாசலில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒலியை இழந்த சமூகத்தின் துயரம் என்ன என்பதைத் தமிழ் ஆய்வுலகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. யாழின் நரம்புக் கணக்கும் பண்ணின் பெயரும் பாட்டில் இருக்கின்றன, ஒலி இல்லை. அந்த வெறுமையை நிரப்பவே ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தார். கணக்கும் சொல்லும் மட்டும் கையில் இருக்க, மறைந்த ஒலியை மீட்க இரண்டு பேரறிஞர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டார்கள். அவர்கள் கையில் ஒரே ஒரு நிமிட யாழொலி கிடைத்திருந்தால் அதை எப்படிப் போற்றியிருப்பார்கள்! மனித வரலாற்றில் ஒலி தன் ஒலியாகவே எஞ்சிய முதல் முழு நூற்றாண்டு இருபதாம் நூற்றாண்டு. யாழை இழந்ததற்காக இன்றும் வருந்தும் சமூகம், கையில் இருக்கும் ஒலியைக் கிலோ கணக்கில் விற்க விடுகிறது. அந்த ஒலி வால்ட்ஸ் தாளத்தில் இருந்தால் என்ன, வயலின் கச்சேரியாக இருந்தால் என்ன? இந்த மண்ணின் செவிகள் எதைக் கேட்டன என்பதற்கான சாட்சியம் அது. ஒரு சமூகம் பாடியது மட்டும் அதன் இசைவரலாறு ஆகாது. அது கேட்டதும் சேர்ந்ததே வரலாறு.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. எல்லைப் பகுதியின் இருபுறமும் உள்ள பல்கலைக்கழகங்களின் இசை, வரலாறு, தமிழ், மலையாளத் துறைகள் ஒன்றுசேர்ந்து தனியார் சேகரிப்புகளின் கணக்கெடுப்பைத் தொடங்கலாம். தட்டைக் கேட்கத் தேவையில்லை. வரிசை எண், தாய்த்தட்டு எண், உறை, கடைச்சீட்டு ஆகியவற்றின் நிழற்படமும் பட்டியலும் முதற்கட்டத்துக்குப் போதும். பொருள் உரிமையாளரிடமே இருக்கட்டும், தரவு பொதுவாகட்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு சேகரிப்பைப் பட்டியலிடுவதைத் திட்டக்கட்டுரையாக ஏற்க எந்த விதியும் தடையில்லை. நூறாவது முறையாக ஒரே இசையமைப்பாளரின் பாடல்களில் மேலைத் தாக்கம் என்று எழுதுவதைவிட அது துறைக்குப் பயன் தரும். சேகரிப்பாளரைக் கருத்தரங்குக்கு அழைக்கும்போது கண்காட்சி மேசைக்கருகே நிறுத்தாமல் அரங்கில் அமர்த்திப் பேசவைக்க வேண்டும். அவர் தரவைப் பயன்படுத்தும் கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையில் அடங்காமல் மேற்கோளில் இடம்பெற வேண்டும். நூல் வழங்கல் சட்டத்தில் ஒலிப்பதிவைச் சேர்க்கக் கோரும் தீர்மானத்தைக் கல்விக்குழுக்கள் நிறைவேற்றலாம்.

இவற்றில் எதுவும் நடக்காவிட்டால் நிகழப்போவது தெரிந்ததே. சேகரிப்பாளர் மறைவார். பிள்ளைகள் வேறு நாட்டில் இருப்பார்கள், வீட்டை விற்க வேண்டியிருக்கும். அரிய தட்டுகளை அடையாளம் காணத் தெரிந்த வணிகர் ஒருவர் முதலில் வந்து சிலவற்றை எடுத்துச் செல்வார், அவை கடல் கடக்கும். மீதியைக் காயலான் கடைக்காரர் வண்டியில் ஏற்றுவார். உடைந்த அரக்குக்கு நல்ல விலை கிடைக்காது என்பதால் உறைகளுக்கு மட்டும் காகித விலை போடுவார். சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு மாணவர் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத அமர்வார். மேலை இசையின் தாக்கம் காணப்படுகிறது என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பார். அதற்குமேல் எழுத அவரிடம் எதுவும் இருக்காது. அந்த மாணவரைக் குறைசொல்ல அப்போது இருக்கும் பேராசிரியர்களுக்குத் தகுதியும் இருக்காது.